விடுப்புச் சீட்டுகளின் சரித்திரம்



இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கின் பொதுச் சுகாதாரப் பணியாளர்களுடைய சாதனைகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தகைய தலைப்பில் பேச வருகிறவர்கள், இவ்வாண்டு யாருக்கு விருது கிடைத்தது, யார் பதவி உயர்வு பெற்றார், எந்தத் தாதி முப்பதாண்டுச் சேவையை நிறைவு செய்து விடைபெறுகிறார் என்பவற்றை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் பெற்றுத் தந்து அமர்வது வழக்கம். அவ்வழக்கத்தில் குறை காண நான் வரவில்லை. அந்தப் பெயர்களும் இன்று இந்த மேடையில் வாசிக்கப்படும், நானும் உங்களோடு சேர்ந்து கைதட்டுவேன். ஆயினும் அதற்கு முன்னே, இதே ஊரில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தயாரான ஒரு சிறிய அட்டவணையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதில் ஒரு பெயரும் இல்லை. எண்கள் மட்டுமே உண்டு.

1901ஆம் ஆண்டில் கிள்ளானிலும், இன்று கிள்ளான் துறைமுகம் என்று நாம் வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹத்திலும், அரசாங்கச் சிப்பந்திகளுக்கு மலேரியா ஜுரத்தின் பொருட்டு வழங்கப்பட்ட விடுப்புச் சீட்டுகள் 236. அவற்றால் நின்றுபோன வேலை நாட்கள் 1,026. அடுத்த ஆண்டில் சீட்டுகள் 40, நாட்கள் 198. அதற்கடுத்த ஆண்டில் 23 சீட்டுகள், 73 நாட்கள். 1904இல் 14 சீட்டுகள், 71 நாட்கள். 1905இல் நான்கே சீட்டுகள், 30 நாட்கள். இன்று நாம் 'எம்.சி.' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிக்கொள்ளும் அந்தத் துண்டுக் காகிதத்தின் எண்ணிக்கை, ஐந்தே ஆண்டுகளில் இருநூற்று முப்பத்தாறிலிருந்து நான்காக இறங்கிற்று. பொதுச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் தம் வாழ்நாளில் எதைச் சாதித்தார் என்று யாரேனும் என்னைக் கேட்டால், பதக்கத்தைக் காட்டுவதற்கு முன் இந்த அட்டவணையைத்தான் காட்டுவேன்.

இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1901ஆம் ஆண்டு ஜனவரியில், மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து தேசத்து இளம் வைத்தியர், கிள்ளான் ஜில்லாவின் டாக்டராக இங்கே வந்து சேர்ந்தார். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதைச் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை. அந்த உண்மையை நம்பாத வைத்தியர்கள் அப்போது பலர். அவ்வாண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகம் திறக்கப்பட்டது. கண்டல் காட்டையும் சதுப்பையும் வெட்டித் திறந்த அந்த இடத்தில், திறந்த சில வாரங்களுக்குள்ளாகவே, சுமை தூக்கிய கூலியாட்களும் ரயில்வேச் சிப்பந்திகளும் கப்பலில் வந்தவர்களும் ஒருவர் பின் ஒருவராக நடுக்குஜுரத்தில் விழுந்தார்கள். பெரும் பொருட்செலவில் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற ஆலோசனைகூட எழுந்தது. அப்போது கிள்ளான் பட்டணத்தின் ஜனத்தொகை மூவாயிரத்து ஐந்நூறுக்குச் சற்றே மிகுதி. அவ்வளவு சிறிய ஊரிலும் அதன் துறைமுகத்திலுமாக அவ்வோராண்டில் மாண்டவர்கள் 582 பேர். அவர்களில் 368 பேரைக் கொண்டு சென்றது ஜுரமே.

வாட்சனுக்கு முன்னே மூன்று வழிகள் இருந்தன. ஊராருக்கெல்லாம் கொயினா கொடுக்கலாம். கொசு நுழையாதபடி வீடுகளுக்குக் கம்பிவலை அடிக்கலாம். அல்லது கொசு பிறக்கும் நீரையே இல்லாமற் செய்யலாம். அவர் மூன்றாவது வழியைத் தேர்ந்தார். பட்டணத்தைச் சூழ்ந்திருந்த காட்டை வெட்டி, சதுப்பில் வடிகால் இழுத்து, பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பும் வேலை தொடங்கிற்று. இப்பகுதியில் மலேரியாவைப் பரப்பியது, நிழல் படிந்த காட்டுக் குட்டைகளிலே முட்டையிடும் ஒரு ஜாதி அனோஃபிலிஸ் கொசு. நிழலும் தேங்கிய நீரும் ஒருங்கே அகன்றபோது அது பிறக்க இடமின்றிப் போயிற்று. 582 ஆக இருந்த மரணம் 1902இல் 144 ஆகவும், 1903இல் 115 ஆகவும் குறைந்தது. ஜுரத்தால் மாண்டவர்கள் 368லிருந்து 59 ஆகி, பின் 46 ஆயினர். ஜுரம் நின்றபோது ஏனைய நோய்களால் மாண்டவர்களின் தொகையும் 214லிருந்து 85க்கு இறங்கிற்று என்பதைக் கவனியுங்கள். ஜுரத்தால் நலிந்து கிடந்த உடம்புக்கு வயிற்றுப்போக்கையும் கபத்தையும் தாங்கும் சக்தி இராது. ஜுரத்தை நிறுத்தியவர் அவற்றையும் பாதி நிறுத்தியவராகிறார்.

இவ்வளவும் தற்செயலாக நடந்திருக்கக் கூடாதா, சில வருஷங்களில் நோய் தானே தணிவதில்லையா என்று ஐயுறுவோர் அன்றும் இருந்தனர். அதற்கு விடையாக, வடிகால் வெட்டப்படாத ஜில்லாவின் மற்றப் பகுதிகளின் மரணக் கணக்கையும் வாட்சன் பக்கத்திலே வைத்துக் காட்டினார்; அங்கே அத்தகைய வீழ்ச்சி இல்லை. தம் வெற்றியைத் தாமே சந்தேகித்து, அச்சந்தேகத்தைத் தீர்க்கும் கணக்கையும் தாமே தேடி வைத்த அந்த மனப்பான்மைதான், வடிகாலைக் காட்டிலும் என்னைக் கவர்வது.

வாட்சனுக்கு மேலதிகாரியாக, சிலாங்கூரின் ராஜ்ய வைத்தியராக இருந்தவர் டிராவர்ஸ் என்பவர். இருவரும் சேர்ந்தே இந்த வேலையின் முடிவுகளை 1906இல் வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் வசிக்கும் என் போன்றோருக்கு இந்தப் பெயர் அன்னியமன்று. டிராவர்ஸ் சாலை என்று நாள்தோறும் நாங்கள் சொல்வது அவர் பெயரைத்தான். தொழுநோயாளரைச் சிறை போன்ற கொட்டடிகளில் அடைத்து வைத்ததைக் கண்டு மனம் நொந்து, மரங்களும் தோட்டமும் தனித்தனி வீடுகளுமாக ஒரு குடியிருப்பு அவர்களுக்கு வேண்டும் என்று வாதாடி, 1930இல் சுங்கை பூலோவில் அது திறக்கப்படக் காரணமாக இருந்தவரும் அவரே. அங்கே நோயாளிகளே தாதியராகவும் ஆசிரியர்களாகவும் தோட்டக்காரர்களாகவும் வேலை செய்தனர் என்பது தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரிய விஷயம்.

சாலைக்கு டிராவர்ஸின் பெயர் கிடைத்தது. வாட்சனுக்கு 1924இல் 'சர்' பட்டம் கிடைத்தது. இரண்டும் தகுதியானவையே. ஆனால் இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? நாகப்பட்டினத்தில் கப்பலேறி, தளத்திலே வெயிலிலும் மழையிலும் கிடந்து இக்கரை வந்து சேர்ந்த நம் முன்னோர் இந்நாட்டின் சாலைகளிலும் தண்டவாளங்களிலும் வாய்க்கால்களிலும் சிந்திய வியர்வையை நீங்கள் அறிவீர்கள். எந்தக் கொசுவை ஒழிக்க அந்த வாய்க்கால்கள் வெட்டப்பட்டனவோ, அந்தக் கொசுவின் கடியை முதலில் வாங்கியவர்கள் வெட்டியவர்களே. விடுப்புச் சீட்டு அரசாங்கச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்களுக்குத்தான்; தினக்கூலிக்கு ஜுரம் வந்தால் அன்று கூலி இல்லை, அவ்வளவே. ஆகவே 1,026 என்ற அந்த எண்ணை நான் வாசிக்கும்போதெல்லாம், அதற்கு அடியில் எழுதப்படாத இன்னொரு எண் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இவ்விடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் பாட்டனார் கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் டிரெசராக இருந்தவர். தோட்டத்து டிரெசர் என்றால், காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் என்பதோடு முடிவதில்லை. ஆஸ்பத்திரிக்கு அவரே அதிகாரி, அவரே மருந்து கலக்குகிறவர், பல சமயங்களில் பிரசவத்துக்கும் அவரே துணை, மரணத்துக்கும் அவரே சாட்சி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் அணிவகுத்து நிற்கும்போது, அவர் கொயினாத் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வரிசையின் தலைப்பில் நிற்பாராம். அதன் கசப்பு பொறுக்காமல் வாயிலே வைத்திருந்து, நிரை மரங்களுக்குப் பின்னே போய்த் துப்பிவிடுவோர் பலர். அதட்டினால் பகைதான் வளரும் என்று கண்ட அவர், ஓர் உபாயம் செய்தார். மருந்தைக் குடித்தவுடன் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் மருந்தை அடக்கிக்கொண்டு பெயர் சொல்ல யாராலும் முடியாதல்லவா? சொன்ன பெயரை அவர் ஏட்டிலே குறித்துக்கொள்வார். "உங்க தாத்தா ஏட்டுல இல்லாத பேரு அந்தத் தோட்டத்துல கிடையாது" என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த ஏடு இன்று எங்களிடம் இல்லை. தோட்டமும் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது.

தோட்டம் என்றவுடன் வாட்சனின் தோல்வியையும் சொல்லியாக வேண்டும். சாதனையைப் பேசுகிறவன் தோல்வியை மறைத்தால் அந்தச் சாதனையின் மேலேயே நம்பிக்கை போய்விடும். சமநிலமான கிள்ளானில் வென்ற முறை, குன்றும் சரிவுமான உட்பகுதித் தோட்டங்களில் பயன்படவில்லை. காட்டை வெட்டினால் நோய் தணியும் என்று எண்ணி வெட்டிய இடங்களில் அது ஓங்கிற்று. காரணம், மலைச்சரிவுகளில் வாழும் வேறொரு ஜாதிக் கொசுவுக்கு நிழல் ஆகாது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரே அதற்கு உகந்த தொட்டில். கீழ்நாட்டில் ஒன்றைக் கொன்ற அதே காரியம் மேட்டுநிலத்தில் மற்றொன்றை வளர்த்தது. அரசாங்க உத்தியோகத்தை விட்டுத் தோட்டங்களின் வைத்தியராகிவிட்ட வாட்சன், இதை ஒளிக்காமல் எழுதியதோடு, ஓடையையே மண்குழாய்களுக்குள் புதைத்து நிலத்தடியே ஓடச் செய்யும் முறையையும், பின்னர் நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கும் முறையையும் மேற்கொண்டார். எத்தனை வீட்டு ஜனங்கள் நோயுற்றிருக்கிறார்கள் என்று அறிய அவர் கையாண்ட வழி மிக எளியது: லயத்துக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி, இடப்பக்க விலாவுக்குக் கீழே கைவைத்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். எந்த ஊரில் எத்தனை குழந்தைகளுக்கு வீக்கமோ, அவ்வளவு அந்த ஊரின் மலேரியா. நுண்ணோக்கி இல்லாத இடத்திலும் ஒரு டிரெசரின் விரல்களால் அறியக்கூடிய கணக்கு அது.

இனி, நம் சமையலறையோடு உறவுடைய ஒரு வரலாற்றுக்கு வருகிறேன். அதே காலத்தில், மலேரியாவுக்கு அடுத்தபடியாக இந்நாட்டு மக்களைக் கொன்றது பெரிபெரி. கால்கள் மரத்து, உடல் நீர்கோத்து, இருதயம் தளர்ந்து, திடகாத்திரமான ஆண்கள் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர். அவர்களுக்கு அடுத்த வேலியிலே வசித்த தமிழருக்கு அந்நோய் அரிதாகவே வந்தது. நெகிரி செம்பிலானில் ராஜ்ய வைத்தியராக இருந்த பிராடன், இதற்கு விடை சோற்றுப் பானையில் இருக்கிறது என்றார். சீனர் உண்டது, ஆலையில் தீட்டி வெண்மையாக்கிச் சயாமிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி.

இதைச் சோதித்தவர் ஃபிளெட்சர் என்ற டாக்டர். சோதித்த இடம் கோலாலம்பூரின் மனநோய் ஆஸ்பத்திரி. 1905 டிசம்பரில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டுக் காலம், அங்கிருந்த நோயாளிகளை ஒன்றுவிட்டு ஒருவராகப் பிரித்து, 120 பேருக்குப் பச்சரிசிச் சோறும் 123 பேருக்குப் புழுங்கலரிசிச் சோறும் கொடுத்தார்கள். பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. தம் சம்மதத்தைச் சொல்லவும் இயலாத அந்தப் பதினெட்டுப் பேரை நினைக்காமல் இந்த வெற்றியைப் பேச என் மனம் இடந்தரவில்லை. இன்றைய வைத்திய தர்மம் அத்தகைய பரிசோதனையை ஒருகாலும் ஏற்காது. அதன் பின்னர், 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட வைத்திய ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ந்து, தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் உயிர் காக்கும் பொருள் இருக்கிறது என்பதை 1909இல் நிலைநாட்டினார்கள். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டின் சத்து உள்ளே அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. இன்று வைட்டமின் பி1 என்று பாடநூல்களில் படிக்கும் பொருள் அதுவே. நெல் அவித்த நம் பாட்டிமாருக்கு இந்தப் பெயர் தெரியாது; ஆனால் கடல்கடந்து வந்த பிறகும் அவர்கள் விடாத பழக்கம் பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

அந்த ஆஸ்பத்திரியின் சமையற்கட்டையும் பரிசாரகர்களையும் நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. இரண்டு வகை அரிசி, இரண்டு வகைச் சோறு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று. ஓராண்டு முழுவதும் ஒரு வேளைகூடக் கலந்துவிடக் கூடாது. கலந்திருந்தால் அந்த ஆராய்ச்சி அன்றே பாழ். உலகமே எடுத்தாண்ட அந்தக் கட்டுரையின் ஒவ்வோர் எண்ணும், அகப்பை பிடித்த ஒருவருடைய நேர்மையின் மேல் நிற்கிறது.

பிற்காலத்தில் இருந்து ஒரே ஓர் உதாரணம் கூறுவேன். 1998இல் தொடங்கிப் பன்றி வளர்ப்போரிடையே பரவிய மூளைக்காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அனைவரும் நம்பிக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் அப்போது நுண்ணுயிரியல் பயின்றுகொண்டிருந்த டாக்டர் சுவா காவ் பிங், தம் சோதனைக் குடுவையில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து கிடந்த விந்தையைக் கண்டு, இது வேறு என்று துணிந்தார். 1999 மார்ச்சில் அந்த மாதிரியைத் தாமே அமெரிக்காவுக்குச் சுமந்து சென்று, அதுவரை உலகம் அறியாத கிருமி அது என்பதை உறுதி செய்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நீப்பாவின் பெயராலேயே அது நீப்பா என்று வழங்கிற்று. அந்நோயால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கொல்ல வேண்டியது கொசுவையன்று, நோயுற்ற பன்றிகளை என்பது தெரிந்த பிறகே மரணம் நின்றது. மேலே உள்ளவர்கள் எல்லோரும் ஒன்று சொல்லும்போது, கீழே உள்ள ஒருவர் தம் கண்ணை நம்பியதால் நிகழ்ந்த நன்மை இது.

2021ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. இதே கிள்ளானின் தெங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் நோயாளிகள் நிரம்பி வழிந்த அந்த நாட்களில், முழுக் கவசத்துக்குள் வியர்வையில் நனைந்தபடி பன்னிரண்டு மணிநேரம் நின்றவர்களில் சிலர் இன்று இந்த அவையிலும் அமர்ந்திருக்கிறீர்கள். அதே மாதம் 26ஆம் தேதி, நாடெங்கும் ஒப்பந்த டாக்டர்கள் கறுப்பு உடையணிந்து ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே வந்து நின்றதையும் பார்த்தோம். நிரந்தர உத்தியோகம் கேட்டார்கள். அது அவர்களுடைய நியாயமான உரிமை என்பது என் கருத்து. கைதட்டலும் பாராட்டுப் பத்திரமும் மாதச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஈடாகா. வாட்சனையே அரசாங்கத்தால் நெடுநாள் வைத்துக்கொள்ள முடியவில்லை என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

2018 முதல் மலேசியாவில், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை. குரங்குகளிடமிருந்து வரும் மற்றொரு வகை காட்டோரங்களில் இன்னும் இருக்கிறது. அதனோடு போராட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. என்றாலும், 236 என்று தொடங்கி 4 என்று இறங்கிய அந்த அட்டவணை, நூறாண்டுகளுக்கு மேலாகப் பலருடைய கைகள் மாறி, சுழியத்துக்கு வந்து சேர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் சுங்கை பூலோவில் நடந்த முன்னோடித் திட்டத்திலும், 1967இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்திலும், வீடு வீடாகச் சென்று சுவரில் மருந்தடித்தவர்களையும், விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் எடுத்தவர்களையும், கண் வலிக்க வலிக்க நுண்ணோக்கியில் குனிந்திருந்தவர்களையும் கடந்து வந்த சுழியம் அது.

இன்று நம் பகைவன் டெங்கு. நாட்டிலேயே அந்நோய் மிகுந்த மாநிலம் நம் சிலாங்கூர். இக்கொசுவுக்குக் காடும் வேண்டாம், ஓடையும் வேண்டாம். பூந்தொட்டியின் அடித்தட்டில் நிற்கும் ஒரு கரண்டித் தண்ணீர் போதும். ஆகவே இன்றைய சுகாதார ஊழியர் சதுப்பில் இறங்குவதில்லை. நம் வாசற்கதவைத் தட்டுகிறார். கதவைத் திறக்காதவர்கள் உண்டு. நாயை அவிழ்த்துவிடுகிறவர்களும் உண்டு என்று கேள்விப்படும்போது மனம் வருந்துகிறது.

சென்ற மாதம் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு ஓர் இளம்பெண் வந்தார். தோளிலே பை, கையிலே டார்ச் விளக்கு. மாடத்திலிருந்த துளசித் தொட்டியின் தட்டைத் தூக்கி, விளக்கடித்துப் பார்த்து, சிறு கரண்டியால் நீரை மொண்டு ஒரு குப்பியில் இட்டு, "ஐயா, இதுல புழு இருக்கு, வாரத்துக்கு ஒருக்கா தேய்ச்சுக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஐந்து மாடி ஏறி வந்திருந்தார்; இன்னும் பன்னிரண்டு மாடிகள் பாக்கி. ஒரு குவளை தண்ணீர் கொடுத்து, பெயர் என்ன என்று கேட்டேன். நான் புகார் எழுதப் போகிறேன் என்று எண்ணினாரோ என்னவோ, ஒரு கணம் தயங்கினார். பிறகு தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொன்னார். அவர் அடுத்த வாசலைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அதைத் தேதியிட்டு என் ஏட்டில் எழுதி வைத்தேன்.